வீட்டுக் கேமராவுக்கு மாசச் சந்தா தேவையா? நம்ம பக்கத்து வீடுகளுக்கு ஒரு கணக்கு

பாளையங்கோட்டையில் கேமரா மாட்டிக் கொடுப்பது என் தொழில். பெருமாள்புரம், மகாராஜநகர், மேலப்பாளையம், மேற்கே அம்பாசமுத்திரம், கடையம் வரை வேலை வரும். பல வீடுகளில் வயதான தாய் தகப்பன் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு மாட்டச் சொல்வார்கள். வேலையை முடித்து போனில் ஆப்பைத் திறந்தால், படத்துக்கு முன்னால் சந்தா விளம்பரம் வந்து நிற்கும். "தம்பி, கார்டு போட்டாச்சுல்லா, பொறவு எதுக்கு மாசாமாசம் துட்டு கேக்கான்?" என்று ஆச்சி கேட்பார்கள். சரியான கேள்வி.

நம் ஊர்க் கடைகளில் விற்கும் வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு நேரலை பார்ப்பதும், ஆள் நடமாட்டம் இருந்தால் போனுக்குத் தகவல் வருவதும், கார்டில் பதிந்ததைத் திருப்பிப் பார்ப்பதும் இலவசம். சந்தா கட்டினால் அந்த வீடியோவின் நகல் ஒன்று கம்பெனியின் சர்வரில், அதாவது வீட்டுக்கு வெளியே, இருக்கும். சில பிளான்களில் மனிதனா மாடா என்று பிரித்துச் சொல்லும் வசதியும் சேர்த்துத் தருவார்கள். ஆகவே இரண்டு விஷயத்தை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எத்தனை நாள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்? கேமராவோ வீடியோ பதியும் பெட்டியோ களவு போனாலும் வீடியோ மிஞ்ச வேண்டுமா?

எப்போதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஏதாவது நடந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடு வேறு கதை. என்றைக்கு நடந்தது என்பதே திரும்பி வந்த பிறகுதான் தெரியும். அதற்கு 30 நாளாவது வேண்டும்.

இப்போது இடக் கணக்கு. ஒரு கேமரா வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் (செட்டிங்கில் 'பிட்ரேட்' என்று இருக்கும்) இடைவிடாமல் பதிந்தால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும். 2 மெகாபிட் என்றால் 21.6 ஜிபி. இந்த ஒரு எண்ணை வைத்தே எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கலாம். 128 ஜிபி கார்டு, 1 மெகாபிட் என்றால் சுமார் 11 நாள். நான்கு கேமராவும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும், எல்லாம் 2 மெகாபிட் என்றால் 11 நாளுக்கு மேல் கொஞ்சம். அதையே 1 மெகாபிட்டாகக் குறைத்தால் 23 நாள். இடம் நிறைந்ததும் பழையது தானாக அழிந்து புதியது பதியும். வீடியோவைச் சுருக்கும் முறை செட்டிங்கில் எச்.264 என்று இருந்தால் எச்.265-க்கு மாற்றுங்கள், ஏறக்குறைய அதே தெளிவுக்குப் பாதி அளவு இடம் போதும். 2 மெகாபிக்சல் கேமரா திண்ணையைப் பார்த்து இருந்தால் எச்.265, வினாடிக்கு 15 பிரேம், 1 மெகாபிட் தாராளம். வண்டி நம்பர் தெரிய வேண்டிய கேட் கேமராவுக்கு மட்டும் கூட்டி வையுங்கள். எட்டுக் கேமராவையும் ஒரே அளவில் உச்சத்தில் வைத்துவிட்டு "டிஸ்க் பத்தல" என்று இரண்டாவது டிஸ்க் விற்பவர்களும் இருக்கிறார்கள். முதலில் செட்டிங்கைப் பாருங்கள்.

அசைவு இருந்தால் மட்டும் பதி என்று வைத்தால் இன்னும் பல நாள் வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடிக் காற்றில் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கத்து ஊர்களில் முருங்கையும் தென்னையும் ஒரு நிமிஷம் சும்மா நிற்காது. இராத்திரி கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும். ஐப்பசி மழைக்கு ஈசல் வந்தால் போன் விடிய விடிய அடித்துக்கொண்டே இருக்கும். எரிச்சலில் தகவலையே நிறுத்திவிடுவார்கள், அப்புறம் கேமரா இருந்தும் இல்லாத மாதிரிதான். மரம் வரும் பகுதியை ஆப்பில் கட்டம் போட்டு ஒதுக்கிவிடுங்கள். மனிதனை மட்டும் கண்டுகொள்ளும் வசதி கேமராவிலேயே இருக்கிறதா, சந்தாவில்தான் வருமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வாரம் ஒரு தடவை விளக்குமாற்றால் வலையைத் தட்டிவிடுவது எந்தச் சந்தாவைவிடவும் மலிவு.

மெமரி கார்டு சின்ன வீட்டுக்கு நல்லது, இரண்டு குறை உண்டு. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் அதோடு போய்விடும். அடுத்தது, கார்டு செத்துப்போனாலும் நேரலை வழக்கம்போல ஓடும். தேவைப்படும் நாளில் திறந்து பார்த்தால்தான் ஒன்றுமே பதியவில்லை என்று தெரியும். இரவு பகலாக எழுதி அழித்து எழுதும் வேலைக்குச் சாதாரண போன் கார்டு தாங்காது. உறையில் 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கேமரா அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதையும் பாருங்கள். கார்டைப் போட்டதும் கம்ப்யூட்டரில் செய்யாமல் கேமராவின் ஆப்பிலேயே பார்மட் செய்ய வேண்டும். மாதம் பிறந்ததும் முந்தைய வாரத்தில் ஒரு தேதியை எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

மூன்று கேமராவுக்கு மேல் போனால், எல்லாக் கேமராவின் வீடியோவையும் ஒரே டிஸ்க்கில் பதியும் பெட்டியான டிவிஆரோ என்விஆரோதான் லாபம். கோஆக்சியல் வயர் கேமராவுக்கு டிவிஆர், நெட்வொர்க் கேமராவுக்கு என்விஆர். ஒரு தடவை செலவு, மாச வாடகை கிடையாது. உள்ளே போடும் டிஸ்க் மட்டும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி கேமராவுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய டிஸ்க் வேண்டாம். கம்ப்யூட்டர் பழக்கம் உள்ள பிள்ளைகள் நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் சேரும் டிஸ்க் பெட்டி, வைக்கலாம் என்பார்கள். வைக்கலாம், ஆனால் சினாலஜி கம்பெனி நாஸில் இரண்டு கேமராவுக்குத்தான் இலவச லைசென்ஸ், மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் காசு.

டிவிஆரில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. அதன் மெனுவில் 'கிளவுட்' என்று ஒன்று இருக்கும், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் போனில் படம் வரும். உடனே வீடியோ எல்லாம் இணையத்தில் சேமிப்பாகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அது உங்கள் போனை வீட்டுப் பெட்டியோடு சேர்த்துவைக்கும் இணைப்பு மட்டும். வீடியோ முழுவதும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. பெட்டி போனால் எல்லாம் போச்சு.

அதனால் பெட்டியை எங்கே வைப்பது என்பது முக்கியம். ஹாலில் டிவிக்குக் கீழே வைத்தால் வருகிறவன் முதலில் அதைத்தான் தூக்குவான். பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் நம் சித்திரை வெயிலுக்கு டிஸ்க் வெந்துவிடும். தரையோரமும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது, திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது யாருக்கும் மறந்திருக்காது. உள்ளறையில், தலைக்கு மேலே, காற்றுப் போகும் துளை உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துச் சுவரோடு திருகிவிடுங்கள். பெட்டி, கேமரா அடாப்டர், ரூட்டர் மூன்றுக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுங்கள். ரூட்டரை மறந்தால் கரண்ட் போனதும் துபாயில் இருப்பவருக்குப் படம் நின்றுவிடும். மொட்டை மாடி வழியாக நீளமாக வயர் ஓடும் வீடுகளில் இடி மின்னலுக்கு சர்ஜ் புரொடெக்டர் போட்டே ஆக வேண்டும்.

இனி சந்தா. விளம்பரத்தில் மாசத் தொகைதான் பெரிதாகத் தெரியும். அது ஒரு கேமராவுக்கா, வீட்டுக்கே சேர்த்தா, 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள். கேமரா ஒன்றுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நான்குக்கு 800, வருஷம் 9,600, ஐந்து வருஷத்தில் 48,000. கேமராவின் விலையோடு இதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். பல பிளான்கள் அசைவு வந்த நேரத்துத் துண்டுகளை மட்டும்தான் சேமிக்கும். முழு நேரமும் என்றால் விலை கூடும். முழு நேரமும் ஏற்றினால் 2 மெகாபிட் கேமரா ஒன்று மாதம் 648 ஜிபி தின்னும். வீட்டு ஃபைபர் பிளான்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி வரம்பு இருக்கிறது. ஆறு கேமராவை அப்படி ஏற்றினால் மாதம் முடிவதற்குள் வேகம் விழுந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவரும் கேமராவுக்கு ஒரு வார்த்தை. ரிங் கேமராவில் சந்தா இல்லாவிட்டால் நேரலையும் தகவலும் உண்டு, பதிவு கிடையாது. 2021-ல் வந்த நெஸ்ட் கேமராக்களில் சந்தா இல்லாமல் 3 மணி நேரத்து நிகழ்வுகள் மட்டும் நிற்கும். நல்ல சாமான்தான், ஆனால் மாசச் சந்தா சேர்ந்த சாமான் என்று தெரிந்து ஏற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கேமராவாக இருந்தாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, சந்தா கட்டலைன்னா இதுல என்னென்ன ஓடும்?" பதில் இழுத்தால் வேறு மாடல் பாருங்கள்.

இலவச டிரையல் முடிந்ததும் ஆட்டோ டெபிட் ஆரம்பித்துவிடும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. எடுத்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும்: பிளே ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அதன் சந்தாப் பக்கத்தில், ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பெயரைத் தொட்டு உள்ளே, யுபிஐ ஆட்டோபே என்றால் அந்த யுபிஐ ஆப்பில். இந்தியக் கார்டில் பிடிக்கும் முன் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள். கணக்கு யார் பெயரில், யார் மெயிலில் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வெளிநாட்டு மருமகன் ஐடியில் எடுத்ததை இங்கிருந்து அப்பா நிறுத்த முடியாமல் முழிப்பது அடிக்கடி நடக்கிறது.

நான் சொல்வது கலந்து வைப்பது. நாலு பக்கத்துக்கும் டிவிஆர், கேட்டில் மட்டும் கார்டு போட்ட ஒரு வைஃபை கேமரா. சந்தாவை அந்த ஒன்றுக்கு மட்டும், வீட்டைப் பூட்டிப் போகிற மாதங்களுக்கு மட்டும் எடுங்கள். வருஷ பிளான் மலிவாகத் தெரியும். பத்து மாதம் வீட்டிலேயே இருப்பவருக்கு மாச பிளான்தான் மிச்சம்.

தோட்டத்து மோட்டார் ரூமுக்கு சிம் கேமரா கேட்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: தினம் 1.5 ஜிபி ரீசார்ஜ் 2 மெகாபிட் படத்துக்கு 100 நிமிஷம்தான் வரும். அங்கே கார்டில் பதிந்து, பன்றியோ ஆளோ வந்தால் மட்டும் போனில் திறந்து பார்ப்பதே வழி.

களவு நடந்துவிட்டால் முதல் வேலை அந்த நேரத்து வீடியோவை பென் டிரைவில் எடுப்பது. தள்ளிப்போட்டால் மேலே புதியது பதிந்து அழிந்துவிடும். டிவிஆர் காட்டும் நேரமும் கைக்கடிகார நேரமும் ஒன்றா என்று பாருங்கள். இணைய நேரத்தோடு சேர்த்துவைக்கும் என்டிபி செட்டிங்கை முன்பே போட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். ஆகவே நகல் கொடுத்தாயிற்று என்று பெட்டியை பார்மட் செய்துவிடாமல், ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு அப்படியே வையுங்கள்.

கேமராவை மாற்றும்போது பழையதைச் சொந்தக்காரருக்குக் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கும் முன் கார்டைக் கழற்றிக்கொண்டு, உங்கள் ஆப்பிலிருந்து அந்தக் கேமராவை நீக்கி, அதன் சந்தாவையும் நிறுத்திவிடுங்கள். நீக்காமல் கொடுத்தால் பல மாடல்கள் புதியவர் போனில் சேரவே சேராது.