தங்கிப் படிக்கும் கோடைப் பள்ளி: பிள்ளையை முதன்முறை அனுப்புவோருக்கு

இரண்டு வாரம் வெளியே தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பாடம் பெரும்பாலும் சிக்கலாவதில்லை. காயாத துண்டு, காணாமல் போன காலுறை, விளக்கணைத்ததும் வரும் அழுகை, இவைதான் படுத்தும். இதில் பாதியைக் கிளம்பும் முன்பே தீர்த்துவிடலாம்.

படி 1: மருத்துவப் படிவம்

ஒவ்வாமை, ஆஸ்துமா எல்லாம் மறக்காமல் எழுதிவிடுகிறோம். தூக்கத்தில் நடப்பதையும் படுக்கையை நனைப்பதையும்தான் கூச்சப்பட்டு மறைக்கிறோம். விடுதிப் பொறுப்பாளருக்கு முன்பே தெரிந்தால், மற்றவர்கள் எழும் முன் சத்தமில்லாமல் விரிப்பை மாற்ற ஏற்பாடு செய்யலாம். தெரியாவிட்டால் விடிந்ததும் அறைக்கே தெரிந்துவிடும்.

மருந்துகளை வாங்கிய உறையோடு, மருத்துவர் சீட்டோடு கொடுங்கள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டால் எது எதற்கென்று தெரியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளை இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 2: ஒத்திகை

ஒரு மாதம் முன்பு, நெருங்கிய உறவினர் வீட்டில் இரண்டு இரவு தங்க வைத்துப் பாருங்கள். நடுவில் போன் செய்யாதீர்கள். கூடவே, நீங்கள் உதவாமல் தலைக்குக் குளித்துத் துவட்டுவது, படுக்கை விரிப்பது, ஈரத்துணியைக் காயப்போடுவது ஆகியவற்றைப் பழக்குங்கள். புதுக் காலணி என்றால் இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டு நடக்கட்டும். இல்லையென்றால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் வந்துவிடும்.

படி 3: பெட்டி

வாரம் ஒருமுறை துணி துவைப்பார்கள் என்றால் 8 செட் உடை, 10 உள்ளாடை, 10 ஜோடி காலுறை, 2 துண்டு, குளியலறைச் செருப்பு ஒன்று, அழுக்குத்துணிப் பை ஒன்று போதும். எல்லாவற்றிலும், காலுறை உட்பட, அழியாத மையில் பெயர் இருக்கட்டும். சாவிப் பூட்டுக்குப் பதில் எண் பூட்டு வாங்குங்கள். பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளை என்றால், இன்னும் வயதுக்கு வராவிட்டாலும் சில நாப்கின்களை வைத்து, பயன்படுத்தும் விதத்தையும் சொல்லி அனுப்புங்கள்.

பெட்டியைப் பிள்ளைதான் அடுக்க வேண்டும். நீங்கள் அழகாக அடுக்கினால், பல் துலக்கும் பிரஷ் எந்த மூலையில் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. பொருள் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். திரும்பும்போது சரிபார்க்க அதுதான் உதவும்.

படி 4: கொடுக்கக் கூடாத வாக்கு

“பிடிக்கலைன்னா உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்.” ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் முதல் வருத்தத்திலேயே பிள்ளை அந்த இடத்தோடு ஒட்டப் பார்க்காமல் உங்களுக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடும். “முதல் ரெண்டு மூணு நாள் வீட்டு ஞாபகம் வரும். அங்கே இருக்கிற அக்கா, அண்ணன்கிட்ட சொல்லு” என்பதே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: யார் தொட்டது பிடிக்காவிட்டாலும், ‘வீட்டில் சொல்லாதே’ என்று யார் சொன்னாலும், உடனே நம்மிடம் சொல்ல வேண்டும்.

படி 5: முதல் நாள்

சேர்த்த கையோடு கிளம்பிவிடுங்கள். வாசலில் நீளும் விடைபெறல்தான் அழவைக்கும். மொழிப் பள்ளி என்றால் பெரும்பாலும் முதல் நாளே, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்க நிலையறியும் தேர்வு இருக்கும். அதற்கென்று உருப்போட வைக்காதீர்கள். இல்லாத திறமையைக் காட்டி மேல் வகுப்பில் உட்கார்ந்தால் இரண்டு வாரமும் திணறல்தான்.

படி 6: போன்

வீட்டு ஏக்கம் சும்மா இருக்கும்போதும் படுக்கும்போதும்தான் கூடும். அதனால் இரவில் அழைக்காதீர்கள். பள்ளி அனுமதித்தால் மாலையில், விளையாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் பேசலாம். “அழுதியா?” என்று தொடங்காமல், பக்கத்துக் கட்டிலில் யார் என்று கேளுங்கள்.

வயிற்றுவலி என்று சொன்னால் மலம் கழித்தாயா என்றும் கேளுங்கள். பொதுக் கழிவறைக்குக் கூச்சப்பட்டு அடக்குவதும், தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் இங்கே சகஜம். மூன்று நாளாகியும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் பிள்ளையோடு பேரம் பேசாமல் நேராகப் பொறுப்பாளரை அழையுங்கள்.

திரும்பி வந்ததும் பெட்டியைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல் துவைக்கும் இடத்திலேயே திறங்கள். தலையில் பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கதை கேட்பதை மறுநாளைக்கு வையுங்கள், முதலில் தூங்கட்டும்.