சர்வரை மேலேற்றிய பிறகு லூப் தடுமாறினால் எங்கே பார்ப்பது?

சர்வர்களில் ஓடும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 18.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்தது. அதிலிருந்து என்னிடம் வரும் வேலைகளில் பெரும்பகுதி ஒரே ரகம். ஈரோட்டுப் பக்கம் நூல் வியாபாரிகளுக்கும் சின்னப் பள்ளிகளுக்கும் யாரோ எப்போதோ பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த மென்பொருள் இருக்கும், அதை 22.04-க்குக் கொண்டுபோக வேண்டும். நேராகத் தாவ முடியாது, நடுவில் 20.04-ல் இறங்கித்தான் போக வேண்டும். போய்ச் சேரும்போது பிஎச்பி 7.2 இருந்த இடத்தில் 8.1 இருக்கும், டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 5.7 இருந்த இடத்தில் 8.0 இருக்கும். லாகின் பக்கம் ஒழுங்காக வரும், வேலை முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலை போன் வரும்: "அண்ணா, ஸ்டாக் லிஸ்ட் காலியா வருது."

இப்படி ஒரு புகார் வந்ததும் பலரும் முதலில் திறப்பது லூப்பை, அதாவது ஒரே வேலையை டேட்டாபேஸின் ஒவ்வொரு ரோவுக்கும் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார்ஈச் எழுதியிருக்கும் வரியை. அந்த வரியில் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஃபார்ஈச் உள்ளே வேலை செய்யும் விதம் கடைசியாகப் பெரிய அளவில் மாறியது 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-ல். 7.2-க்கும் 8.1-க்கும் நடுவில் ஃபார், வைல், ஃபார்ஈச் மூன்றும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கின்றன. லூப்புக்குள் போகிற சரக்குதான் மாறியிருக்கிறது: அதன் டைப் (எண்ணா, ஸ்ட்ரிங் எனும் எழுத்துத் தொடரா என்பது), அது வரும் வரிசை, நடுவில் டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஒரு குவெரி தோற்றால் நடப்பது. அதனால் நான் லூப்புக்கு ஒரு வரி மேலே நின்றுதான் தேட ஆரம்பிப்பேன்.

சர்வரைத் தொடுவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பழைய சர்வரே பாதிப் பிரச்சினையைச் சொல்லிவிடும், கேட்கத்தான் ஆள் இல்லை. பிஎச்பி 7.2-ல் ‘டெப்ரிகேட்டட்’ (இனி எடுக்கப்படப்போகும் வசதி) என்ற எச்சரிக்கைகள் உண்டு. ஆனால் உபுண்டுவோடு வரும், பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலில் அவை அணைக்கப்பட்டிருக்கும். எரர் ரிப்போர்ட்டிங்கை முழுவதுமாகத் திறந்து, திரையில் காட்டாமல் லாக் எனும் பதிவு ஃபைலுக்கு மட்டும் போகும்படி வைத்து, அலுவலகம் வழக்கம்போல் வேலை செய்யட்டும் என்று விட்டுவிடுங்கள். பில் போடுவது, ரிப்போர்ட் எடுப்பது, இருப்பு சரிபார்ப்பது எல்லாம் ஒரு சுற்று வரட்டும். அப்புறம் லாக்கைத் திறந்தால் எந்த ஃபைலில் கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அதில் முதலில் கண்ணில் படுவது, பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் ‘ஈச்’ ஃபங்ஷன். பழைய ஆட்கள் வைல், லிஸ்ட், ஈச் மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுவார்கள்; பிஎச்பி 4 காலத்துப் பழக்கம். 7.2-ல் அது டெப்ரிகேட்டட், 8.0-ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த எச்சரிக்கை ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு முறைதான் வரும். அடுத்த அழைப்புகளுக்குக் காட்ட மாட்டேன் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். ஆகவே லாக்கில் ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கத்தில் ஒரே இடம்தான் என்று நினைக்க வேண்டாம். கிரெப் என்ற தேடும் கட்டளையைப் போட்டு எல்லா ஃபைலிலும் தேடுங்கள். சின்டாக்ஸ் சரிபார்ப்பு இதைப் பிடிக்காது. இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிடுவது இலக்கணப் பிழை இல்லையே, அந்த வரி ஓடும்போதுதான் விழும். மாற்றுவது எளிது, அநேகமாக எல்லா இடத்திலும் ஒரு ஃபார்ஈச் போதும்.

சரி, இப்போது காலியாக வரும் லிஸ்ட். இதுதான் ஆளை அதிகம் சுற்றவிடும், ஏனென்றால் லாக்கில் ஒரு எழுத்துகூட இருக்காது. லூப்பின் முதல் வரியிலேயே ஒரு ரோவை எடுத்து, மதிப்போடு டைப்பையும் காட்டும் வார்டம்ப் செய்யுங்கள். பிரின்ட்ஆர் வேண்டாம், அது இரண்டு சர்வரிலும் வெறும் 1 என்றே காட்டும். வார்டம்ப் செய்தால் ஸ்டேட்டஸ் என்ற காலத்துக்கு (நெடுவரிசைக்கு) பழைய சர்வரில் ‘ஸ்ட்ரிங்(1) "1"’ என்று வரும், புதியதில் ‘இன்ட்(1)’ என்று வரும். காரணம், 8.1-லிருந்து, பிஎச்பியை டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓ வழியாக மைஎஸ்கியூஎல்லில் இருந்து வரும் முழு எண்களும் ஃப்ளோட்களும் எண்ணாகவே வருகின்றன. அதற்கு முன் பிடிஓவின் இயல்பான அமைப்பில் எல்லாமே ஸ்ட்ரிங்தான். கோடில், டைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் மூன்று சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் இருக்கும் 1-ஓடு ஒப்பிட்டிருந்தால் ஒரு ரோவும் தேறாது. லூப் ஒழுங்காக எல்லா ரோவையும் சுற்றி வந்து, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு முடிந்துபோகும்.

இதற்கு நான் செய்வது, ஒப்பிடும் இடத்தில் இன்டீஜராகக் காஸ்ட் செய்துவிட்டு (முழு எண்ணாக மாற்றிவிட்டு) மேற்கோளை எடுத்துவிடுவது. மூன்று சமக்குறியை இரண்டாகக் குறைத்தாலும் வேலை நடக்கும்தான், ஆனால் எழுதியவர் அக்கறையோடு கண்டிப்பாக எழுதிய இடத்தைத் தளர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது ஃபைலில் இதே கதை, கடையை இன்றைக்கே திறந்தாக வேண்டும் என்றால், பிடிஓ இணைப்பில் ‘ஸ்ட்ரிங்கிஃபை ஃபெட்ச்சஸ்’ என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள், பழையபடி எல்லாம் ஸ்ட்ரிங்காக வரும். ஆனால் அதைத் தற்காலிகமாக வையுங்கள். இன்னொன்று, டெசிமல் வகைக் காலங்கள் 8.1-லும் ஸ்ட்ரிங்காகவே வரும். விலை, எடை எல்லாம் டெசிமலில் இருக்கும் ஸ்டாக் மென்பொருளில், ஒரே ரோவில் பாதி எண்ணாகவும் பாதி ஸ்ட்ரிங்காகவும் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

லிஸ்ட் காலியாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிஎச்பி 7 வரைக்கும் எண் 0-ஐ எழுத்தால் ஆன எந்தச் சொல்லோடு இரண்டு சமக்குறியில் ஒப்பிட்டாலும் சமம் என்றே சொல்லும். 8.0-ல் அது மாறியது. ஃபில்டர் எதுவும் தேர்ந்தெடுக்காதபோது மதிப்பை 0 என்று வைத்துக்கொண்டு, பின்னால் ‘ஆல்’ என்ற சொல்லோடு ஒப்பிட்டிருப்பார்கள். பழைய பிஎச்பியில் அது தற்செயலாகச் சரியாக வந்து எல்லா நூலையும் காட்டியிருக்கும். இப்போது அந்த ஒப்பீடு தோற்கிறது. இன்அரே, ஸ்விட்ச் இரண்டும் இதே தளர்ந்த ஒப்பீட்டைத்தான் செய்கின்றன, அங்கேயும் பாருங்கள்.

லிஸ்ட் இல்லாமல் பக்கமே வெள்ளையாக வந்தால் கதை வேறு, லாக்கில் டைப்எரர், அதாவது தவறான டைப் என்ற பிழை, இருக்கும். நல்-ஐ, அதாவது மதிப்பே இல்லாததை, கவுண்ட் செய்வதற்கு 7.2 ஓர் எச்சரிக்கை தந்துவிட்டு 0 என்று கொடுத்தது, 8.0 நிறுத்தியே விடுகிறது. அரேயை, அதாவது பட்டியலை, லூப்புக்கு முன் காலியாகத் தொடங்கி வைத்தால் முடிந்தது.

அடுத்தது, பாதியில் நிற்கும் லூப். மாலையில் பில்களை சிஎஸ்வி ஃபைலாக ஏற்றும் பக்கம் ஒன்று எல்லா மென்பொருளிலும் இருக்கும். ஒவ்வொரு வரியையும் படித்து இன்சர்ட் செய்யும். ஏற்கெனவே இருக்கும் பில் எண் வந்தால் குவெரி தோற்று ஃபால்ஸ் தரும், லூப் அடுத்த வரிக்குப் போகும். யாரும் அதைத் திட்டமிட்டு எழுதியிருக்க மாட்டார்கள், ஆனால் வருடக்கணக்கில் அப்படித்தான் ஓடியிருக்கும். பிஎச்பி 8.1-ல் பிடிஓ போல இன்னொரு இணைப்பான மைஎஸ்கியூஎல்ஐ, குவெரி தோற்றால் இயல்பாகவே எக்ஸெப்ஷன் (பிடிக்காவிட்டால் புரோகிராமையே நிறுத்தும் பிழை) வீசும், பிடிஓ 8.0-லிருந்தே அப்படித்தான். முதல் இரட்டைப் பில் வந்த இடத்தில் லூப் விழும். அதற்கு மேலே இருந்த வரிகள் டேட்டாபேஸில் ஏறியிருக்கும், கீழே இருந்தவை ஏறியிருக்காது. அலுவலகத்தில் இருப்பவர் ஃபைலை மறுபடி ஏற்றுவார், இந்த முறை முதல் வரியிலேயே நிற்கும், ஏனென்றால் அது இப்போது இரட்டை.

இங்கே எக்ஸெப்ஷனை மொத்தமாக அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பணக்கணக்கு இருக்கும் மென்பொருளில் தோற்ற குவெரி சத்தமில்லாமல் போகக் கூடாது, 8.1 செய்திருக்கும் மாற்றம் நல்ல மாற்றம். லூப்புக்குள் அந்த ஒரு இன்சர்ட்டைச் சுற்றி மட்டும் எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் டிரை, கேட்ச் போடுங்கள். கேட்ச்சில் பிழை எண் 1062-ஆ என்று பாருங்கள், அதுதான் மைஎஸ்கியூஎல்லில் இரட்டைப் பதிவுக்கான எண். 1062 என்றால் அந்தப் பில் எண்ணை ஒரு பட்டியலில் குறித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போங்கள். வேறு எதுவாக இருந்தாலும் திரும்ப வீசிவிடுங்கள். கடைசியில் அந்தப் பட்டியலைத் திரையில் காட்டுங்கள், ஏற்றியவருக்கு எந்தப் பில் விட்டுப்போனது என்று தெரியட்டும். இன்சர்ட் இக்னோர் போட்டால் ஒரு சொல்லில் வேலை முடியும்தான், ஆனால் அது இரட்டைப் பதிவோடு சேர்த்து வேறு பல தவறுகளையும் வெறும் எச்சரிக்கையாக்கி விழுங்கிவிடும்.

தலைப்புகள் குழம்பும் லூப்பும் ஒன்று உண்டு. இது பிஎச்பியின் வேலை இல்லை, மைஎஸ்கியூஎல்லின் வேலை. இருப்பு ரிப்போர்ட்டில் 40 கவுண்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) என்று ஒரு தலைப்பு, அதன் கீழ் மில் வாரியாக மூட்டைகள், அப்புறம் 60 கவுண்ட் என்று அடுத்த தலைப்பு. லூப்பில் முந்தைய ரோவின் கவுண்ட்டை நினைவில் வைத்து, மாறும்போது தலைப்பு அச்சிடுவார்கள். குவெரியில் கவுண்ட், மில் இரண்டின்படி ரோக்களைச் சேர்க்கும் குரூப் பை இருக்கும், வரிசைப்படுத்தும் ஆர்டர் பை இருக்காது. 5.7 வரை குரூப் பை செய்தால் அந்தக் காலங்களின்படி வரிசைப்படுத்தியே தரும், 8.0-ல் அந்தச் சலுகை இல்லை. இப்போது 40, 60, மறுபடி 40, 80, மறுபடி 60 என்று தலைப்புகள் வந்துகொண்டே இருக்கும், தலைப்புக்குத் தலைப்பு போடும் கூட்டுத்தொகையும் துண்டுதுண்டாக வரும். குவெரியில் ஆர்டர் பை சேர்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. குரூப் பை இருக்கும் எல்லாக் குவெரிகளையும் கிரெப் செய்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இப்போதைக்குச் சரியான வரிசையில் வருபவையும் நாளைக்கு மாறலாம்.

கடைசி ரோ வராமல் அதற்கு முந்தைய ரோவே இரண்டு முறை வருகிறது என்றால் சர்வர் மேல் பழி போட வேண்டாம். ஃபார்ஈச்சில் ரெஃபரன்ஸ் (மூல ரோவையே சுட்டும் வேரியபிள்) போட்டுவிட்டு, முடிந்ததும் அந்த வேரியபிளை அன்செட் செய்யாமல், அதே பெயரில் இன்னொரு லூப் ஓட்டியிருப்பார்கள். அது எல்லாப் பதிப்பிலும் உண்டு.

முடியவே முடியாத லூப்புக்கு வருகிறேன். தேடல் பக்கத்தில், தேடிய சொல் ஒரு குறிப்பில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணி மஞ்சள் நிறம் பூசும் கோடு ஒன்று. எஸ்டிஆர்பாஸ் வைத்து சொல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்த இடத்தோடு சொல்லின் நீளத்தைக் கூட்டி, அங்கிருந்து மறுபடி தேடும். ஃபால்ஸ் வந்தால் நிற்கும். தேடல் பெட்டி காலியாக இருந்தால் பிஎச்பி 7 என்ன செய்தது? காலிச் சொல்லைத் தேட முடியாது என்று எச்சரித்து ஃபால்ஸ் தந்தது, லூப் நின்றது. பிஎச்பி 8.0-லிருந்து காலிச் சொல்லும் அனுமதிக்கப்பட்ட சொல்தான். தேட ஆரம்பித்த இடத்திலேயே கிடைத்தது என்று பதில் வரும். நீளம் 0, கூட்டினாலும் இடம் நகராது. 0-ல் தேடி, 0-ல் கிடைத்து, மறுபடி 0-ல் தேடிக்கொண்டே இருக்கும். ஒரு எழுத்துகூட மாறாத கோடு, சர்வர் மாறியதால் மட்டும் முடிவில்லாமல் சுற்றுகிறது. லூப்புக்கு மேலே, சொல் காலியாக இருந்தால் திரும்பிவிடு என்று ஒரே ஒரு நிபந்தனை போதும்.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது 8 செய்த நன்மை. ஃபைலைத் திறந்து எஃப்இஓஎஃப் (ஃபைல் முடிவு) வரும்வரை படிக்கும் வைல் லூப்பில், ஃபைல் திறக்காவிட்டால் பிஎச்பி 7 சுற்றிக்கொண்டே இருந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எச்சரிக்கை எழுதி லாக்கால் டிஸ்கையே நிரப்பும். 8.0-ல் முதல் சுற்றிலேயே டைப்எரர் வந்து நின்றுவிடும்.

லூப் சுற்றிக்கொண்டிருக்கிறதா, காத்துக்கொண்டிருக்கிறதா என்று பிரித்தறிவது முக்கியம். லாக்கில் 30 வினாடி கடந்தது என்று வந்தால் அது சிபியுவில் சுற்றும் லூப், வரி எண்ணும் கூடவே இருக்கும். 134217728 பைட் தீர்ந்தது என்றால் லூப்புக்குள் ஏதோ ஓர் அரே வளர்ந்துகொண்டே போகிறது. அது 128 எம்பி. பிரவுசரில் 504 (நேரம் கடந்தது) என்ற பிழை வந்து பிஎச்பி லாக்கில் எதுவுமே இல்லை என்றால், லூப்புக்குள் இருக்கும் குவெரி இழுத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸில் அந்த 30 வினாடிக் கணக்கில் டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கும் நேரம் சேராது, ஆகவே பிஎச்பி பேசாமல் இருக்கும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் தன் இயல்பான 60 வினாடி முடிந்ததும் கையை விரித்துவிடும். அப்போது பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்-இன் பூல் ஃபைலில் ஸ்லோலாக்கை ஆன் செய்து, நேர வரம்பை 5 வினாடி என்று வையுங்கள். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அந்த நேரத்தில் எந்த ஃபைலில் எந்த வரியில் நின்றது என்று எழுதி வைக்கும். ஊகிப்பதில் போகும் நேரம் மிச்சம்.

பழைய சர்வரை உடனே அழிக்காதீர்கள். அதன் டேட்டாபேஸ் நகலோடு உள்ளுக்குள் மட்டும் ஓடட்டும். ஒரே நகலை இரண்டிலும் ஏற்றி, ஒரே ரிப்போர்ட்டை இரண்டிலும் எடுத்து, வித்தியாசம் காட்டும் டிஃப் போட்டுப் பாருங்கள். வரிசை மாறியதும் ரோ குறைந்ததும் உடனே தெரியும். மாதக் கடைசி ரிப்போர்ட்டும் இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடும் வேலைகளும் ஒரு முறையாவது முடிந்த பிறகு நிறுத்தினால் போதும். கிரானுக்கு என்று ஒரு கூடுதல் எச்சரிக்கை: கமாண்ட் லைனில் ஓடும் பிஎச்பிக்குத் தனி ஐஎன்ஐ ஃபைல், அங்கே நேர வரம்பு 0, அதாவது வரம்பே இல்லை. வெப் பக்கத்தில் 30 வினாடியில் விழும் லூப், கிரானில் விடியும்வரை சுற்றும். சில நேரம் வெப் 8.1-க்கு மாறியிருக்கும், கிரான் வரியில் பழைய 7.2-இன் முழுப் பாதையே எழுதியிருக்கும். கிரான்டேபைத் திறந்து அந்தப் பாதையைப் பார்த்துவிட்டு, அதே கட்டளையைக் கையால் ஒருமுறை ஓட்டுங்கள்.