வால்வு இழைகளுக்கு நேர்மின்னோட்டம்: என் அனுபவம்
திருகோணமலை உவர்மலையில் நண்பர் ஒருவரின் ஒலி முன்பெருக்கியில், வால்வுகளை (வெற்றிடக் குழல்களை) உள்ளிருந்து சூடாக்கும் இழைகளுக்கு, இரைச்சலைத் தவிர்க்கவென நேர்மின்னோட்டம் கொடுக்கப்பட்டிருந்தும் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஓயவில்லை. மூடியைக் கழற்றியபோது, மின்மாற்றி கைவைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வார்னிஷ் காயும் மணமும் எழுந்தது.

அதிலிருந்த நான்கு இசிசி83 வால்வுகளும் 6.3 வோல்ட்டில் சமாந்தரமாக இணைக்கப்பட்டிருந்தன. வால்வொன்றுக்கு 300 மில்லிஅம்பியர் என்பதால் மொத்தம் 1.2 அம்பியர், மின்மாற்றியோ 9 வோல்ட், 1.5 அம்பியர். போதும் என்றே தோன்றும். ஆனால், ஆடலோட்டத்தை (ஏசி) நேர்மின்னோட்டமாக மாற்றும் டயோட் பாலத்துக்குப் பின், மின்னைத் தேக்கும் பெரிய கொள்ளளவி இருக்கும்போது, மின்னோட்டம் அலையின் உச்சியில் மட்டும் குறுகிய துடிப்புகளாகப் பாய்வதால், மின்மாற்றிச் சுருள் தாங்கவேண்டிய ஆர்எம்எஸ் மின்னோட்டம் (சுருளைச் சூடாக்கும் பயனுறு அளவு) நேர்மின்னோட்டத்தின் ஏறத்தாழ 1.8 மடங்காகி, 2 அம்பியரைத் தாண்டிவிடுகிறது. சுமையால் மின்னழுத்தம் தொய்ந்தது. 4700 மைக்ரோஃபரட் கொள்ளளவியில் ஏற்ற இறக்கம் 2.5 வோல்ட்டை நெருங்கியது. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் எல்எம்317 ரெகுலேட்டருக்கு வேண்டிய மேலதிக வோல்ட்டு கிடைக்காமல், ஒவ்வொரு இறக்கத்திலும் இரைச்சல் கசிந்தது.

பெரிய ரெகுலேட்டர் போடுவதைவிட மின்னோட்டத்தைக் குறைப்பதே முறை என்பது என் உறுதியான எண்ணம். வால்வு இழையின் இரு பாதிகளும் தொடராக இயங்கும்படி, அதன் நடுமுனையான ஒன்பதாம் ஊசியை விட்டுவிட்டு, நான்காம், ஐந்தாம் ஊசிகளுக்கு 12.6 வோல்ட் கொடுத்தேன். வால்வொன்றுக்கு 150 மில்லிஅம்பியராக, மொத்தம் 0.6 அம்பியரானது. 15 வோல்ட், 2 அம்பியர் மின்மாற்றி இதைச் சிரமமின்றித் தாங்குகிறது. ரெகுலேட்டரில் எழும் 3 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்துக்காக, திருகோணமலை வெயிலை எண்ணி, வெப்பத்தகட்டைப் பெட்டியின் வெளிப்புறம் பொருத்தினேன். இரைச்சல் நின்றது.

இழையொன்றுக்கே 1.5 அம்பியர் கேட்கும் இஎல்34 போன்ற வெளியீட்டு வால்வுகளுக்கு நான் ஆடலோட்டத்தையே கொடுக்கிறேன்.