குடல் அழற்சி நோயோடு தாயகம் போகிறீர்களா? அக்கியையும் கணக்கில் எடுங்கள்

வயிற்றில் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது. சட்டை உரசினாலே சுரீரென்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கும் இல்லை, இரத்தமும் இல்லை. கிரோன்ஸ் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ளவர், பழைய நோய் கிளம்பிவிட்டது என்று கைவசமுள்ள பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு மாத்திரையைக் கூட்டிவிடுவார். இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் கொத்தாகக் கொப்புளம் எழும். அது அக்கி (ஷிங்கிள்ஸ்). கூட்டிய ஸ்டெராய்டு வைரஸுக்கே துணைபோயிருக்கும். வழக்கமான மருத்துவர் பக்கத்தில் இல்லாத விடுமுறையில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும்.

எப்போதோ வந்த சின்னம்மையின் (கொப்புளிப்பான்) வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்தால் ஒரு நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகத் தெரிகிறது. குடல் அழற்சிக்குத் தரும் மருந்துகளில் டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ஸ்டெராய்டு, அசதயோபிரின், இன்ஃப்ளிக்ஸிமாப் ஆகியவையும் கூட்டும். இவற்றில் இரண்டு சேர்ந்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் குடலில் மட்டும் வேலை செய்யும் வெடோலிசுமாபில் இந்தக் கவலை குறைவு.

டிக்கெட் போடும்போதே அக்கித் தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள். ஷிங்ரிக்ஸ் என்ற அந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, எனவே மருந்தை நிறுத்தாமலே போடலாம். இரண்டு ஊசி. வழக்கமான இடைவெளி 2 முதல் 6 மாதம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு 1 முதல் 2 மாதத்திலேயே இரண்டாவதைப் போடலாம். கைவலியும் காய்ச்சலும் இரண்டு மூன்று நாள் இருக்கும் என்பதால் பறப்பதற்கு முதல்நாள் வேண்டாம். சின்னம்மையே வராதவருக்கு இந்த ஊசி சின்னம்மையைத் தடுக்காது. இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், அங்கே சின்னம்மை கண்டவரோடு ஒரே வீட்டில் இருந்தது தெரிந்த அன்றே மருத்துவரிடம் போங்கள். கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அக்கிக் கொப்புளம் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்க வேண்டும். வாலசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் தினமும் 3 வேளை, 7 நாள். அல்லது அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் தினமும் 5 வேளை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும். உங்கள் மருத்துவர் எழுதித் தந்தால் வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் மாத்திரை 42 கைப்பையில் இருக்கட்டும்; முழுக் கோர்ஸும் அவ்வளவுதான். பூசுமருந்து மட்டும் போதாது. நெற்றி, மூக்கு நுனி, கண், காது இவற்றில் வந்தாலோ, உடம்பெங்கும் பரவினாலோ மாத்திரையை நம்பி இராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்தநாளம் வழியே மருந்து ஏற்ற வேண்டியிருக்கலாம்.

வலி ஊசி போட வந்தால் பெயரைக் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் குடலைக் கிளப்பிவிடக்கூடும், பாரசிட்டமோல் பரவாயில்லை. வாரக்கணக்கில் எடுத்த பிரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மற்ற மருந்துகளை இடைநிறுத்துவதா என்று உங்கள் குடல்நோய் மருத்துவரிடமே தொலைபேசியில் கேளுங்கள்.

கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வராதவருக்கு அது சின்னம்மையாகத் தொற்றும். பொருக்குத் தட்டும்வரை, பெரும்பாலும் 7 முதல் 10 நாள், துணியால் மூடிவைத்து, கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் விட்டு விலகியிருங்கள். முகத்தில் வந்து மூட முடியாவிட்டால் திரும்பும் விமானத்தைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவர் கடிதத்தை அன்றே வாங்கிவைத்தால் டிக்கெட் மாற்றவும் காப்புறுதி கேட்கவும் உதவும்.