பறவை எச்சத்தைத் துடைத்ததில் விழுந்த கீறல்: கார் பெயிண்டைக் காப்பாற்றும் வழி

வேலூர்ப் பக்கம் ஆனி மாதத்தில் வேப்பம்பழம் பழுக்கும். அப்போது மரத்தடியில் நிறுத்திய காரில் விழும் எச்சத்துக்குள் கொட்டை முழுசாகக் கிடக்கும், கூடவே மணலும் தானியத் தோலும். அது காய்ந்த பிறகு கையில் கிடைத்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்தால், அந்தக் கொட்டையையும் மணலையும் பெயிண்டின் மேல் இழுத்துத் தேய்க்கிறோம். பெரும்பாலான கீறல்கள் இப்படி விழுந்தவைதான். பறவையால் வரும் சேதம் வேறு மாதிரி இருக்கும்.

கம்பெனி பெயிண்டில் மேலே இருப்பது கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு. பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு தலைமுடியை விட மெல்லியது. அதற்குக் கீழே கலர், அதற்கும் கீழே பிரைமர் என்ற அடிப்பூச்சு. வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட் 70 டிகிரி வரை சூடாகும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சமோ அதன் மேலேயே இறுகிக் காய்கிறது. சாயங்காலம் சூடு தணியும்போது அந்த மேடு பள்ளத்தோடு கோட்டும் இறுகிவிடுகிறது. யூரிக் அமிலமும் தன் பங்குக்கு அரிக்கும். கோடுகள் இல்லாமல், ஓரம் தெளிவாகத் தெரிகிற மங்கிய தழும்பாக இருந்தால் அது அரிப்பு. கோடுகோடாக இருந்தால் துணியின் வேலை. ஒரே இடத்தில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

முதலில் நிழலில் நிறுத்தி, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிட்டு, கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். இங்கே பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர்தான். ஆர்ஓ மிஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரில் உப்பு இன்னும் அதிகம், அதைக் காருக்கு ஊற்றவே கூடாது. கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு குடம் போதும். உடனே ஈரத்தை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

இனி ஆழத்தைப் பார்க்க வேண்டும். செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, கீறல் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் கிளியர் கோட்டோடு நின்றிருக்கிறது என்று அர்த்தம். நகத்தை அழுத்தாமல் குறுக்கே ஓட்டினால் சிக்கவில்லையா? கையாலேயே சரிசெய்யலாம். நகம் சிக்கினால், அல்லது வேறு நிறம் தெரிந்தால், பாலிஷால் தீராது. தகரம் தெரிந்தால் மழைக்காலத்துக்கு முன் மூடிவிடுங்கள், துரு உள்ளுக்குள் பரவும்.

கை பாலிஷுக்கு வேண்டியவை: கார் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்துக் கீறலை மட்டமாக்கும் பசை), அதை விட நைசான பாலிஷ், ஃபோம் பேட் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி மூன்று நான்கு, மாஸ்கிங் டேப், வேக்ஸ். பட்டறையில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதிலுள்ள தையலும் தடித்த நூலும் புதுக் கீறல் போடும். பானட் ஓரம், கதவு விளிம்பு, பாடியில் மடிப்பு ஓடும் கோடு, இங்கெல்லாம் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் அங்கேதான் மெலிசு.

ஒரு சாண் சதுரத்துக்குப் பட்டாணி அளவு காம்பவுண்ட் போதும். வட்டமாகச் சுற்றாமல் நேர்க்கோட்டில் முன்னும் பின்னுமாக, பிறகு குறுக்குவாட்டில், மிதமான அழுத்தத்தில் 30, 40 முறை ஓட்டுங்கள். விரல் நுனியால் ஒரே இடத்தை அழுத்தினால் குழி விழும், பிறகு அந்த இடம் வெயிலில் தனியாகத் தெரியும். பேட் முழுவதும் படர வேண்டும். துடைத்துப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். அதனால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து ஒரு முறை துடைத்த பிறகே முடிவு செய்யுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முக்கால்வாசி மறைந்தால் போதும், அங்கே நிறுத்துவதுதான் நல்லது. தேய்ந்த கிளியர் கோட் திரும்ப வராது. பிறகு நைஸ் பாலிஷ், கடைசியாக வேக்ஸ்.

அரிப்புத் தழும்பு ஆழமாக இருந்தால் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வேண்டியிருக்கும். 2000 நம்பரை ஷாம்பு கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ரப்பர் பிளாக்கில் சுற்றி, 10, 15 இழுப்பு மட்டும். அடுத்து 3000, அதற்கடுத்து காம்பவுண்ட். தேய்க்கும்போது பால் போல வெள்ளையாக வருவது கிளியர் கோட். அதில் கார் நிறம் கலந்து வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், கிளியர் கோட் முடிந்துவிட்டது. கிளியர் கோட்டே இல்லாத பழைய பெயிண்டில் முதலிலிருந்தே நிறம் வரும். அதனால் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டு, மறைவான ஓரிடத்தில் முதலில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள். மிஷின் பாலிஷ் என்றால் ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் பஃபரை விட, ஆடிச் சுழலும் டூயல் ஆக்‌ஷன் மிஷின் பாதுகாப்பு. பஃபர் ஓரங்களில் நொடியில் சுட்டுவிடும்.

கலர் போன இடத்துக்கு டச்-அப் பெயிண்ட். வெள்ளை என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். டிரைவர் கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ உள்ள தகட்டிலோ ஸ்டிக்கரிலோ கலரின் குறியீடு இருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். துரு இருந்தால் சுரண்டி எடுத்து, பிரைமர் தொட்டு, மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் கலர் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் மேலே ஏடு கட்டி, உள்ளே தின்னர் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) மாட்டிக் கொப்புளம் வரும். அரை மணி இடைவெளியில் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, அதன்மேல் கிளியர். ஒரு வாரம் விட்டு 2500 பேப்பரில் மட்டமாக்குங்கள். உச்சி வெயிலிலும் ஐப்பசி மழை ஈரத்திலும் இந்த வேலை வேண்டாம். காலை நேரம் நல்லது. மெட்டாலிக், முத்து நிறங்களில் புள்ளி கொஞ்சம் தெரியத்தான் செய்யும்.

பற்பசை, புளி, எலுமிச்சை, மண்ணெண்ணெய், தேங்காய் நார், துணி சோப்புத்தூள் எதுவும் பெயிண்டுக்கு ஆகாது. பட்டறையில் பெயிண்ட் அடித்த பாகத்தில் தின்னர் பட்டால் பெயிண்டே கரைந்து வரக்கூடும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டை எந்தப் பாலிஷாலும் தொடாதீர்கள், அந்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும்.

அடுத்த முறை எச்சம் விழுந்தால், டிஷ்யூ பேப்பரை இரண்டு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்து அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். காய விடாதீர்கள். ஊறியதும் தேய்க்காமல், அள்ளி மேலே தூக்குங்கள். மிச்சத்துக்குப் புதுப் பேப்பர். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு துணியும் டிக்கியில் வைத்துக்கொள்ளலாம்.

கிளியர் கோட் ஏற்கெனவே செதிள் செதிளாக உரிகிறது என்றால் வீட்டு வேலை முடிந்தது, பட்டறைக்குத்தான் போக வேண்டும். அங்கே அந்த இடத்துக்கு மட்டும் கிளியர் அடித்துத் தரச் சொல்லாதீர்கள். புதிதும் பழையதும் சேரும் கோடு சில மாத வெயிலில் கிளம்பிவிடும். பானட் என்றால் பானட் முழுவதும், கதவு என்றால் கதவு முழுவதும் அடிக்கச் சொல்லுங்கள்.