பேக்லாக் ஒருவர் கைக்கு வந்தபோது

கொழும்பு கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில், புறக்கோட்டைக் கடைகளுக்கான பில் போடும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். விற்பனைப் பிரிவு ஒன்றைக் கேட்கும், லண்டன் முதலீட்டாளர் இன்னொன்றைக் கேட்பார், முகாமையாளர் இரண்டுமே அவசரம் என்பார். ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலைக்கென ஒதுக்கிய குறுகிய காலம்) நடுவிலேயே வேலை மாறும். பாவம், டெவலப்பர்களால் எதையும் முடிக்க முடியவில்லை.

ப்ரொடக்ட் ஓனராக, அதாவது எந்த வேலை முதலில் என்று பார்ப்பவராக, நான் கேட்டது ஒன்றுதான்: பேக்லாக் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) வரிசையில் கடைசி முடிவு என்னுடையதாக இருக்கவேண்டும். நாங்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற குழுவேலை முறையின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது: ப்ரொடக்ட் ஓனர் ஒரு தனிநபர், குழு அல்ல, மாற்றம் வேண்டுபவர் அவரிடம் பேசிச் சம்மதிக்க வைக்கவேண்டும். முகாமையாளரிடம் அந்தப் பகுதியைக் காட்டினேன். சரி என்றார்.

அப்புறம் யார் எதைக் கேட்டாலும் பட்டியலைத் திறந்துவைத்து, “இதை மேலே போட்டால் எதைக் கீழே இறக்கலாம்?” என்றேன். பாதி அவசரம் அங்கேயே அடங்கியது. லண்டன்காரரோடுதான் இழுபறி, கொழும்பில் பின்னேரமானால்தான் அவரைப் பிடிக்கலாம். கடைக்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட தமிழ், சிங்கள ரசீதுகளை முதலில் வைத்தேன். எப்படிச் செய்வது என்பதில் தலையிடவில்லை, அது டெவலப்பர்களின் முடிவு. அந்த ஸ்பிரிண்டிலேயே ரசீது வேலை முழுதாக முடிந்தது.