வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு: எந்த வழி, எவ்வளவு, எங்கே கைநழுவுகிறது

அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ்ஸில் விரல் போனாலும் சரி, கிண்டியில் லிப்ட் குழியில் விழுந்தாலும் சரி, முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டு. அதில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? 18,000 ரூபாய் சம்பளத்துக்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். இருந்தால் பணம் இ.எஸ்.ஐ.யிடமிருந்து வரும். இல்லாவிட்டால் முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டும். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

அடுத்தது ஆஸ்பத்திரி. கேஸ் பெரும்பாலும் கெட்டுப்போவது அங்கேதான். கூட வந்த சூப்பர்வைசர் "பைக்கிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்வார், கேஷுவாலிட்டியில் அதையே ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. எந்தக் கம்பெனி, எந்த மெஷின், எத்தனை மணி என்று அடிபட்டவரோ வீட்டு ஆளோ நேரடியாகச் சொல்லி எழுத வைத்து, ஏ.ஆர். காப்பியை வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், உரிமை உண்டு. அதற்காகப் பொய் சொல்லத் தேவையே இல்லை.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு: கம்பெனி விபத்து அறிக்கையைப் (படிவம் 12) பதிய வேண்டும். அது இல்லாவிட்டால் டிஸ்பென்சரியில் சாதாரண நோய் லீவு என்றே சான்றிதழ் போட்டுவிடக்கூடும். வித்தியாசம் சின்னதல்ல. நோய்ப் பலன் சம்பளத்தில் 70 சதவீதம்தான். ஆண்டுக்கு 91 நாள், அதற்கும் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலைக் காயம் என்றால் 90 சதவீதம். நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு. விபத்து நாள் போக 3 நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. காயம் ஆறிய பிறகும் குறை நின்றுவிட்டால் மருத்துவ போர்டு சதவீதம் நிர்ணயிக்கும். அதன்படி ஆயுள் முழுக்க மாதப் பணம் வரும். 'வேலைக் காயம்' என்ற பதிவு இல்லாமல் போர்டுக்குப் போவது கஷ்டம்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு: 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. கணக்குப் போடும் முறை பழையதுதான். முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், இறப்புக்கு 50 சதவீதம்; அதை வயதுக்குரிய காரணியால் (வயதுவாரியாகச் சட்டம் தரும் எண்) பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் 15,000 ரூபாய்க்கு மேல் எடுக்கமாட்டார்கள்.

30 வயது ஹெல்பர், சம்பளம் 18,000, கட்டைவிரல் முழுதும் போய்விட்டது என்று வையுங்கள். 15,000இல் 60 சதவீதம் 9,000. 30 வயதுக்குக் காரணி 207.98. பெருக்கினால் 18,71,820. கட்டைவிரலுக்குச் சட்டத்தின் அட்டவணை சொல்லும் சம்பாதிக்கும் திறன் இழப்பு 30 சதவீதம்; ஆக 5,61,546 ரூபாய். வைத்தியச் செலவு தனி. இந்தக் கணக்குத் தெரியாதவரிடம்தான் ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதித் தந்தாலும் சட்டப்படி அது செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள், பின்னால் வீண் வாதத்துக்கு இடமாகும்.

காண்ட்ராக்டர் தலைமறைவானால் வேலை கொடுத்த பிரதான நிறுவனத்தையே கேட்கலாம். இறப்பு என்றால் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது நஷ்டஈடாகக் கணக்கில் வராது, தொழிலாளர் துறை அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் தராத தொகைக்கு 12 சதவீத வட்டி. சரியான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் பாதி வரை அபராதமும் சேரும். குடித்திருந்தார், கவசத்தைக் கழற்றினார் என்ற சாக்கு சின்னக் காயத்துக்கு எடுபடலாம். இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் எடுபடாது.

நோயையும் விட்டுவிடாதீர்கள். ஈய விஷம், இரைச்சலால் காது மந்தம் போன்றவை, அந்த வேலையில் தொடர்ந்து 6 மாதம் இருந்தவருக்கு வந்தால், வேலைக் காயமாகவே கருதப்படும்.

மனு போட 2 ஆண்டு அவகாசம். சென்னையில் அடிபட்டு ஊருக்குத் திரும்பிவிட்டவர் இங்கே அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் பகுதியின் அதிகாரியிடமே மனு போடலாம்.